ஒரே நிகழ்வு, எதிரெதிர் விளைவுகள்: உலக வரலாற்றின் திருப்புமுனைகள்

"உலக வரலாற்றின் முக்கியமான திருப்புமுனைகள் எவை, அவை சமூகத்தை எப்படி மாற்றின?" என்பது கேள்வி. இதற்குப் பட்டியல் போடுவது சுலபம். வேளாண்மை, எழுத்து, அச்சு, கொலம்பஸின் பயணம், பிரெஞ்சுப் புரட்சி, நீராவி எந்திரம், இரண்டு உலகப் போர்கள். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஏறத்தாழ இதே வரிசைதான் இருக்கும். வரிசையில் தப்பும் இல்லை. எனக்குள்ள குறை வேறு. பட்டியலாகப் படிக்கும்போது "அச்சு வந்தது, அறிவு பரவியது", "போர் வந்தது, பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது" என்று ஒவ்வொரு நிகழ்வும் தன் விளைவைக் கையோடு கொண்டுவந்தது போல மனதில் பதிந்துவிடுகிறது. அதே நிகழ்வு வேறொரு நாட்டில் என்ன செய்தது என்று பார்த்தால் பெரும்பாலும் கதை மாறிவிடும். அதனால் எல்லாவற்றையும் தொடாமல் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிந்தவரை இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் கறுப்புச் சாவு என்று பெயர் பெற்ற கொள்ளைநோய். 1347 அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து வந்த, இத்தாலிய வணிக நகரமான ஜெனோவாவின் கப்பல்கள் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்தபோது, மாலுமிகளில் பலர் செத்திருந்தார்கள் அல்லது சாகக் கிடந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அழிந்தது. நோய் அதோடு விடவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை திரும்பத் திரும்ப வந்ததால் நூறு ஆண்டுகள் கழித்தும் மக்கள்தொகை பழைய அளவுக்கு ஏறவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நிலம் அப்படியே கிடக்கிறது, உழ ஆள் இல்லை. உயிர் தப்பிய உழவனுக்குப் பேரம் பேசும் வலு வந்தது. இந்தப் பண்ணையார் கேட்ட கூலியைத் தரவில்லையா, அடுத்த ஊர்ப் பண்ணையார் தருவார். நிலவுடைமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. கொள்ளைநோய்க்கு முன்பிருந்த கூலிக்குமேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 1349-ல் அரசாணையும் 1351-ல் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. 1363-ல் இன்னொரு படி மேலே போய், எந்தத் தகுதியில் இருப்பவர் என்ன விலைத் துணி உடுத்தலாம் என்றும் சட்டம் போட்டார்கள். கூலிக்காரர் நல்ல துணி உடுத்த ஆரம்பித்துவிட்டார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அந்தச் சட்டம் ஓரிரு ஆண்டுகளிலேயே ரத்தாகிவிட்டது. கூலிச் சட்டம் நீடித்தது, ஆனால் ஆள் கிடைக்காத பண்ணையார்களே அதை மீறினார்கள்.

1381-ல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரியை எதிர்த்து வாட் டைலர் தலைமையில் உழவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்ட், உழவனைப் பிரபுவின் நிலத்தோடு கட்டிப்போட்ட பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக எழுதிக் கொடுத்தான். டைலர் கொல்லப்பட்டதும், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டான். கிளர்ச்சி தோற்றது. ஆனாலும் 1500 வாக்கில் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. ஒழிக்கிறோம் என்று யாரும் சட்டம் போடவில்லை. நடைமுறையில் அதுவாகத் தேய்ந்து மறைந்தது.

சரி, இதைப் படித்ததும் "ஆள் குறைந்தால் கூலி கூடும், கூலி கூடினால் விடுதலை வரும்" என்று ஒரு விதி எழுதத் தோன்றும். ஜெர்மனியில் ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே போனால் அந்த விதி நிற்காது. போலந்து, புருசியா, ரஷ்யா ஆகிய இடங்களிலும் நிலம் அதிகம், ஆள் குறைவு. அங்கே நிலப்பிரபுக்கள் எடுத்த முடிவு நேர் எதிரானது. ஆள் அரிதாக இருப்பதால்தான் அவனை ஓடவிடக் கூடாது என்றார்கள். மேற்கு ஐரோப்பாவுக்குத் தானியம் ஏற்றுமதி செய்து பணம் பார்க்கத் தொடங்கியதும் பிடி இன்னும் இறுகியது. 1520-ல் போலந்தில் உழவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்று சட்டமானது. பிறகு அந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின. ரஷ்யாவில் 1649-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஓடிப்போன உழவனை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து வரலாம் என்றது. அந்த நிலை 1861 வரை நீடித்தது.

எகிப்தில் நடந்தது மூன்றாவது வகை. அங்கே வேளாண்மை நைல் நதியின் கால்வாய்களையும் கரைகளையும் நம்பியிருந்தது. தூர்வாரவும் கரை கட்டவும் ஊர்கூடி உழைக்க வேண்டும். பாதிப் பேர் செத்த ஊரில் அது முடியவில்லை. அப்போது எகிப்தை ஆண்ட, நிலவருமானத்தை அனுபவித்த மம்லூக் அதிகாரிகள் கெய்ரோவில் உட்கார்ந்துகொண்டு, செத்தவர்களின் பங்கையும் சேர்த்து இருப்பவர்களிடம் வசூலித்தார்கள். கால்வாய்கள் தூர்ந்தன, விளைச்சல் சரிந்தது.

கிருமி மூன்று இடத்திலும் ஒன்றுதான். வேறுபட்டது அதிகாரத்தின் அமைப்பு. இங்கிலாந்தில் பண்ணையார்கள் ஆளுக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள், ஓடிவந்தவனை ஏற்க நகரங்கள் இருந்தன. கிழக்கில் நகரங்கள் வலுவற்றவை, பிரபுக்கள் ஒற்றுமையாக நின்றார்கள், அரசும் அவர்கள் பக்கம் நின்றது. இந்த ஒரு ஒப்பீட்டை உள்வாங்கிக்கொண்டால் மற்ற திருப்புமுனைகளைப் படிக்கும் விதமே மாறிவிடும் என்பது என் எண்ணம்.

கால வரிசைப்படி முதலில் வர வேண்டியது வேளாண்மை. சுருக்கமாகவே சொல்கிறேன். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லி விதைக்கத் தொடங்கினார்கள். சீனாவில் நெல்லும் தினையும், மெக்சிகோவில் மக்காச்சோளமும், ஆண்டிஸ் மலைகளில் உருளைக்கிழங்கும் தனித்தனியாகத் தொடங்கின. உழவர்கள் வேட்டையாடிகளைவிட நன்றாக வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் தவறு. பல இடங்களில் கிடைத்த எலும்புகள் உயரம் குறைந்ததையும் பல் சொத்தை கூடியதையும் காட்டுகின்றன. ஆனால் பிள்ளைகள் அதிகம் பிறந்தார்கள், எண்ணிக்கை வென்றது.

அப்புறம் தானியம் உள்ள இடங்களில் அரசும் வரியும் எழுத்தும் வந்தன. மெசபொத்தேமியாவின் உருக் நகரில் கி.மு. 3300 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கவிதையோ கடவுள் துதியோ அல்ல. பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு படி என்ற கணக்குகள். நியூ கினியாவிலும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேப்பங்கிழங்கும் வாழையும் பயிரிட்டார்கள், ஆனால் அங்கே மன்னனும் வரவில்லை, வரி வசூலிப்பவனும் வரவில்லை. தானியம் ஒரே சமயத்தில் விளையும், அளக்கலாம், களஞ்சியத்தில் அடைக்கலாம், பறிமுதல் செய்யலாம். கிழங்கு தேவைப்படும்வரை மண்ணுக்குள்ளேயே இருக்கும். இது ஒரு விளக்கம்தான், கிழங்கு பயிரிட்ட ஆண்டிஸ் பேரரசுகள் இதற்கு முழுமையாக அடங்காது. ஆனாலும் உழவு தொடங்கினாலே அரசு பிறந்துவிடும் என்ற கணக்கு சரியில்லை என்பதை நியூ கினியா காட்டிவிடுகிறது.

அச்சுக்கு வருவோம். குட்டன்பர்க் 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் பைபிளை அச்சிட்டார், 180 பிரதிகள் அளவில். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1040-களில், சீனாவில் பி ஷெங் களிமண்ணில் தனித்தனி எழுத்துகள் செய்து அச்சிட்டிருந்தார். கொரியாவில் 1377-ல் உலோக எழுத்துகளால் அச்சிட்ட பௌத்த நூல் இன்றும் இருக்கிறது. பிறகு ஏன் ஐரோப்பாவில் மட்டும் அது நிலநடுக்கமாயிற்று?

எழுத்துகளின் எண்ணிக்கை ஒரு காரணம். சீன மொழிக்கு ஆயிரக்கணக்கான அச்செழுத்துகள் வேண்டும், மரப்பலகையில் பக்கம் பக்கமாகச் செதுக்குவதே மலிவு. அந்த மரப்பலகை அச்சே அங்கே பெரிய புத்தகச் சந்தையை உருவாக்கியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கொரியாவில் உலோக எழுத்துகளை வார்த்தது பெரும்பாலும் அரசு. தனக்கு வேண்டிய நூல்களைத் தேவையான அளவுக்கு அச்சிட்டுக்கொண்டது. ஐரோப்பாவிலோ அச்சடித்தவர்கள் கடன் வாங்கித் தொழில் நடத்திய வியாபாரிகள், எது விற்குமோ அதை அச்சிட்டார்கள். அதோடு கண்டம் முழுக்கச் சிறு சிறு அரசுகள். ஒரு நகரில் தடை செய்தால் அடுத்த நகரில் அச்சேறும். வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை இங்கிலாந்தில் அச்சிட முடியவில்லை. 1526-ல் ஜெர்மனியின் வொர்ம்ஸ் நகரில் அச்சிட்டு, துணி மூட்டைகளுக்குள் மறைத்து உள்ளே கடத்தினார்கள்.

குட்டன்பர்க்கின் கூடம் பைபிளோடு சேர்த்து, திருச்சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளையும் அச்சிட்டது. 1517-ல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் எதிர்த்தது அந்தச் சீட்டு வியாபாரத்தைத்தான், அவர் குரலைப் பரப்பியதும் அச்சுதான். சூனியக்காரிகளை எப்படிக் கண்டுபிடித்துத் தண்டிப்பது என்று சொல்லும் கையேடும் 1486-ல் அச்சேறி, பல பதிப்புகள் கண்டது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் சூனியக் குற்றத்துக்காகப் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், கொல்லப்பட்டார்கள். "அச்சு அறிவைப் பரப்பியது" என்ற வாக்கியம் பொய்யில்லை. கூடவே பரவிய மற்றவற்றை அது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 1492-ஐப் பற்றிப் பேசினால் நோய், அடிமை வணிகம், வெள்ளி மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். பெரியம்மை போன்ற நோய்கள் அமெரிக்கக் கண்டங்களின் மக்களுக்குப் புதியவை, அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி அவர்களிடம் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குள் அந்த மக்களில் மிகப் பெரும்பகுதி அழிந்துபோனது. உழைக்க ஆள் தேடிய ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1.25 கோடிப் பேரைக் கப்பலேற்றினார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.07 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கடலில் போன உயிர்கள்.

வெள்ளியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் 1545-ல் வெள்ளி கிடைத்தது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து முறைவைத்து ஆட்களைக் கட்டாயமாக அனுப்பி மலையைக் குடைந்தார்கள். அந்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னனுக்கு. ஐரோப்பாவின் பெரும் பணக்கார மன்னர்களில் அவன் ஒருவன், ஆனால் அவன் அரசு 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. வெள்ளி வரும் முன்பே போருக்குச் செலவாகிவிடும், ஜெனோவா வங்கிக்காரர்களின் கைக்குப் போய்விடும். வெள்ளியின் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று சீனா, ஏனென்றால் அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு வரிகளை வெள்ளியாகவே கேட்டது. ஆண்டிஸ் மலையில் ஒருவன் தோண்டியது சீன உழவனின் வரியானது. உலகச் சந்தை என்ற சொல்லுக்கு முதல் தடவையாகப் பொருள் வந்தது அப்போதுதான்.

அட்லாண்டிக் வணிகம் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே காலத்தில் திறந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஸ்பெயினில் பணம் நேராக மன்னனிடம் வந்தது, அதனால் பிரதிநிதி சபையைக் கெஞ்ச வேண்டிய கட்டாயம் குறைந்தது. இங்கிலாந்து மன்னனிடம் வெள்ளி மலை இல்லை. வணிகத்தில் கொழுத்தவர்கள் வியாபாரிகள், மன்னன் வரி கேட்டு நாடாளுமன்றத்திடம் போக வேண்டியிருந்தது. போகாமல் சமாளிக்கப் பார்த்த முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்றான், 1649-ல் அவன் தலை துண்டிக்கப்பட்டது. மதச் சண்டையும் அதில் இருந்தது, பணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தை விட்டுவிட்டு அந்தப் போரை விளக்க முடியாது.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ஐப் பாரிஸிலிருந்து மட்டும் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. "மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள்" என்று பிரெஞ்சு சபை ஆகஸ்டு 1789-ல் அறிவித்தபோது, கரீபியனில் பிரான்சின் குடியேற்றமான சான் தொமாங்கில் சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. அவர்களும் அந்த அறிவிப்பில் சேர்த்தியா என்ற கேள்விக்குப் பாரிஸ் மழுப்பியது. 1791 ஆகஸ்டில் அடிமைகள் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்திப் பதில் சொன்னார்கள். 1794-ல் பிரெஞ்சு சபை அடிமை முறையை ஒழித்தது. கருணையும் இருந்திருக்கலாம், ஆனால் அந்தத் தீவைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருக்க அதைவிட்டால் வழியில்லை என்பது முக்கியம். அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர நெப்போலியன் அனுப்பிய ஒரு பெரும்படை 1802-ல் அங்கே வந்திறங்கியது. முன்னாள் அடிமைகளின் தலைவர் தூசான் லூவெர்த்தூரை ஏமாற்றிப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள், ஜூரா மலைகளில் உள்ள குளிர்ந்த கோட்டை ஒன்றில் அவர் 1803-ல் இறந்தார். ஆனால் மஞ்சள் காய்ச்சலும் முன்னாள் அடிமைகளின் படையும் சேர்ந்து பிரெஞ்சுப் படையை அழித்தன. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற நாடு பிறந்தது.

அதற்கு என்ன விலை கொடுத்தது தெரியுமா? 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து, தோட்ட முதலாளிகள் இழந்த "சொத்துக்கு" 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு கேட்டது. அந்தச் சொத்தில் அடிமைகளாக இருந்த மனிதர்களும் அடக்கம். பின்னர் தொகையைக் குறைத்தார்கள், ஆனால் அதற்காக வாங்கிய கடன்களை அடைத்து முடிக்க 1947 ஆனது. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவுகள் என்று எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

இதிலிருந்து ஒரு கிளை வேறு பக்கம் போகிறது. ஹைட்டி கைநழுவும் நிலையில், அமெரிக்காவில் பேரரசு கட்டும் ஆசையை நெப்போலியன் கைவிட்டான். 1803-ல் லூசியானா என்ற மிகப்பெரிய நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விற்றான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்தான், 1793-ல், இலாய் விட்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரத்தைச் செய்திருந்தார். நாளெல்லாம் கையால் விதை பிரித்துக்கொண்டிருந்த வேலையை எந்திரம் எளிதாக்கியது. எந்திரம் வந்தால் அடிமை தேவைப்படமாட்டான் என்றுதானே நினைப்போம்? விதை நீக்குவது சுலபமானதும் பருத்தி பயிரிடுவது கொள்ளை லாபமானது. நிலமும் கிடைத்தது. பறிக்க மட்டும் கை வேண்டும். 1790-ல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம். ஒரு அடிமைப் புரட்சியின் வெற்றி, பக்கத்து நாட்டில் அடிமை முறை பரவ நிலம் திறந்துவிட்டது. கசப்பான விஷயம், ஆனால் நடந்தது அதுதான்.

அந்தப் பருத்தி போன இடம் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள். தொழிற்புரட்சியைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்திரம் வந்த உடனே தொழிலாளியின் வாழ்க்கை உயர்ந்துவிடவில்லை. 1790-களிலிருந்து 1840 வரை உற்பத்தி கூடிக்கொண்டே போனது, கூலியின் வாங்கும் சக்தி பெரிதாக நகரவில்லை. ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1833-ல்தான் கண்காணிப்போடு கூடிய சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் முதலில் நான்கே ஆய்வாளர்கள். தொழிற்சங்கம், வாக்குரிமை, பொதுக் கழிவுநீர் வசதி எல்லாம் இரண்டு மூன்று தலைமுறை போராடிப் பெற்றவை.

இருபதாம் நூற்றாண்டில் ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் போரையோ அணுகுண்டையோ எடுக்க மாட்டேன். 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டியதை எடுப்பேன். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோய், 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. 1900-ல் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 160 கோடி, 2022-ல் 800 கோடி. இன்றைய மக்களில் பாதிப் பேரின் உணவு செயற்கை நைட்ரஜன் உரத்தை நம்பியிருக்கிறது என்பது பரவலான மதிப்பீடு. ஓப்பாவில் உற்பத்தி தொடங்கிய அடுத்த ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் சிலி நாட்டு நைட்ரேட் வருவது நின்றபோது, ஜெர்மனி வெடிமருந்து செய்ததும் இதே முறையால்தான். அதே ஹேபர்தான் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். 1933-ல் நாஜிகள் வந்ததும், யூதராகப் பிறந்த அவரே நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

கடைசியாக முதல் உலகப் போர். பேரரசுகள் விழுந்த கதையை விட்டுவிடுகிறேன். "ஆண்கள் போருக்குப் போனார்கள், பெண்கள் ஆலைக்குப் போனார்கள், அதனால் ஓட்டுரிமை கிடைத்தது" என்பது அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். பிரிட்டனுக்கு அது ஓரளவு பொருந்தும். 1918-ல் 30 வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டு, 1928-ல் ஆண்களுக்குச் சமமாக. ஆனால் குண்டு செய்யும் ஆலைகளில் அதே மாதிரி உழைத்த பிரெஞ்சுப் பெண்களுக்கு? மக்களவை 1919-ல் ஒப்புக்கொண்டது, மேலவை 1922-ல் நிராகரித்தது. பெண்களுக்கு ஓட்டு கொடுத்தால் பாதிரியார் சொல்கிறபடி போட்டுவிடுவார்கள் என்று அங்கே குடியரசுவாதிகளே பயந்தார்கள். பிரான்சில் 1944 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எந்த உலகப் போரும் வருவதற்கு முன்பே நியூசிலாந்துப் பெண்கள் 1893-லேயே ஓட்டுரிமை பெற்றுவிட்டார்கள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய இயக்கத்தின் பலன் அது. இரண்டு போரிலும் சேராத சுவிட்சர்லாந்தில் ஆண்கள் 1959-ல் வாக்கெடுப்பு நடத்தி "வேண்டாம்" என்றார்கள், 1971-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். அங்கும் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்து ஆண்கள் 1990 ஏப்ரலில் கூடிக் கைதூக்கி மறுபடியும் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று தீர்ப்பளித்தது.